சாமான் வந்து சேரும் வரை: தூதரக வேலையில் வெளிநாடு போன குடும்பங்களின் அனுபவங்கள்

கும்பகோணத்து அக்கா:

என் தங்கை மகளின் கணவருக்கு வெளியுறவு அமைச்சகத்தில் முதல் வெளிநாட்டு போஸ்டிங் வந்திருக்கிறது. நாலு வயசுப் பிள்ளையோடு கிளம்புகிறார்கள். "பெரியம்மா, என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று கேட்டாள். குக்கர் கேஸ்கட் ரெண்டு, ரசப்பொடி, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டியிருக்கும் என்பது சாமான் பட்டியலில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் அதிகாரி இல்லை, அலுவலக ஊழியர். முதல் போஸ்டிங் மாஸ்கோ, 2009 ஜனவரி. காலை எட்டரைக்குக் கூட ஜன்னலுக்கு வெளியே இருட்டு. ஒன்பதுக்கு வெளிச்சம் வரும், நாலு மணிக்கெல்லாம் போய்விடும். கப்பலில் போட்ட சாமான் வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. வீட்டில் எங்களிடம் இருந்தது நாலு பெட்டி. போய் இறங்கின அன்று இரவே மாடி வீட்டு ஒடியா அம்மா கதவைத் தட்டினார். கையில் கிச்சடி இருந்த பாத்திரம், தோளில் தன் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன இரண்டு கம்பளிக் கோட்டு. மறுநாள் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். பால் மலகோ, உப்பு சோல், அரிசி ரீஸ். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன். தயிருக்குப் பதிலாகக் கெஃபீர் என்ற புளித்த பாலை ஊற்றிச் சாதம் பிசைந்தால் என் பெரியவன் சாப்பிடுவான் என்பதையும் அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அங்கே கேந்திரிய வித்யாலயா இருந்ததால் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் மாறவில்லை. இந்தியாவுக்கு வெளியே அந்தப் பள்ளி மூன்றே ஊரில்தான்: மாஸ்கோ, காத்மாண்டு, தெஹ்ரான்.

இரண்டாவது போஸ்டிங். ஊர் பெயர் வேண்டாம். வெயில் உள்ள ஊர், நல்ல வீடு, மாஸ்கோவை விட எல்லா வசதியும் கூடுதல். ஆனால் யாரும் கதவைத் தட்டவில்லை. வந்த மறுநாளே அவர் ஆபீஸ் போய்விட்டார், ஒரு பெரிய விருந்தினர் வருகை இருந்தது. மூன்றாம் நாள் சின்னவளுக்கு 103 டிகிரி காய்ச்சல். என்னிடம் சிம் கார்டு இல்லை. எந்த டாக்டர், எந்தத் தெரு, டாக்சியை எப்படிக் கூப்பிடுவது, ஒன்றும் தெரியாது. இரவு அவர் வரும் வரை ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்குச் சரியாகிவிட்டது. எனக்குச் சரியாக ஒரு வருஷம் ஆனது. ஊரில் பதினோரு வருஷம் டீச்சராக இருந்தவள் நான். ராஜினாமா செய்துவிட்டு வந்து, அந்த ஊர் அடையாள அட்டையில் என் பெயருக்குக் கீழே "சார்ந்திருப்பவர்" என்று பார்த்தபோது வந்த அழுகை அன்றைக்கு நிற்கவில்லை.

ஆபத்தான ஊர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆபத்தே இல்லாத ஊரில் ஒரு குடும்பம் உள்ளுக்குள் உடைவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்களுக்கு யார், என்ன செய்தார்கள்? நல்லதானால் ஊரோடு எழுதுங்கள். மனக்குறையானால் ஊரும் ஆளும் வேண்டாம்.

சென்னையிலிருந்து, உள்ளூர் ஊழியர்:

அக்கா, நான் எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன். சென்னையில் ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தில் உள்ளூர் ஊழியராக வேலை பார்க்கிறேன். நம் ஊருக்கு வரும் அவர்கள் குடும்பங்களை மீனம்பாக்கத்தில் இறங்கும் நேரத்திலிருந்து பார்ப்பவன்.

அமெரிக்கர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, மற்ற சில நாட்டவரும் செய்கிறார்கள். புதிதாக வரும் குடும்பத்துக்கு ஏற்கெனவே அந்த ஊரில் இருக்கும் ஒரு குடும்பத்தைப் பொறுப்பாகப் போடுவார்கள். ஸ்பான்சர் என்பார்கள். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் ஃபிரிட்ஜில் பால், முட்டை, ரொட்டி வாங்கி வைப்பது அந்தக் குடும்பத்தின் வேலை. சொந்தச் சாமான் கப்பலில் வரும் வரைக்கும் தட்டு, பாத்திரம், படுக்கை விரிப்பு எல்லாம் இரவலாகக் கொடுப்பார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையில் குடும்பங்களைக் கவனிக்க என்றே ஒரு அலுவலகம் 1978ல் திறந்தார்கள். அதுவும் சும்மா வந்துவிடவில்லை, மனைவிமார் பல வருஷம் எழுதி, கேட்டு, வாங்கியது. தூதரகங்களில் அந்த வேலையைப் பார்ப்பவர் பெரும்பாலும் அங்கே வந்திருக்கும் ஒரு ஊழியரின் மனைவியோ கணவரோதான். பட்டவருக்குத்தானே தெரியும்.

ஒரு மே மாதம் வந்த குடும்பம் ஞாபகம் இருக்கிறது. அந்த அம்மா இரண்டு நாள் ஏசி அறையை விட்டு வரவில்லை. தண்ணீர் கேனை எப்படிக் கவிழ்ப்பது என்று தெரியாமல் தரையெல்லாம் தண்ணீர். கேட்கக் கூச்சம். நான் போய்க் கவிழ்த்துக் காட்டினேன், பிறகு அவர்கள் பையனே செய்ய ஆரம்பித்தான். மூன்று வருஷம் கழித்துக் கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேனைத்தான் சொன்னார்.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் போய்விடுவார்கள், நாங்கள் இங்கேயே இருப்போம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நெருங்கிப் பழகினவர்களை வழியனுப்பிவிட்டு அடுத்த வாரம் புதியவர்களுக்குப் பால் வாங்கி வைக்கிறோம். அந்த வருத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு பெண் அதிகாரியின் கணவர்:

"சார்ந்திருப்பவர்" என்ற அந்த வார்த்தையை நானும் சுமந்திருக்கிறேன். சிவில் என்ஜினியர். மனைவி அதிகாரி. நான்கு நாடு.

வேலை பார்ப்பது பற்றித் தங்கை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 42வது பிரிவு, தூதரக அதிகாரி அந்த நாட்டில் சொந்த லாபத்துக்காகத் தொழில் செய்யக்கூடாது என்கிறது. அதிகாரியின் மனைவிக்கோ கணவருக்கோ அந்த நாட்டு அரசு அனுமதித்தால்தான் வேலை. இந்தியா பல நாடுகளோடு இதற்காகத் தனித்தனி உடன்பாடு வைத்திருக்கிறது, எல்லா நாட்டோடும் இல்லை. உடன்பாடு இருக்கும் நாட்டிலும் அந்த வேலை சம்பந்தப்பட்ட சிவில் வழக்குகளில் தூதரகக் குடும்பத்துக்கு உள்ள சட்ட விலக்கு இருக்காது, வரியும் கட்ட வேண்டும். கிளம்புவதற்கு முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் போன பிறகு வரும் ஏமாற்றம் பாதி குறையும். எனக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டியில் சான்றிதழ்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன், மூன்று வருஷம் அவை பெட்டியிலேயே இருந்தன.

விருந்துகளில் "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பயந்து போகாமல் இருந்த காலம் உண்டு. அப்போது என் மனைவிதான் முத்தம்மாவைப் பற்றிச் சொன்னார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், 1949ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்குத் தடை என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று அன்று விதி இருந்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979ல் நீதிபதி கிருஷ்ணய்யரின் அமர்வு அந்த விதிகளில் இருந்த பாகுபாட்டைக் கண்டித்தது. முத்தம்மா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதைக் கேட்ட பிறகு, என் மனைவி குடும்பத்தோடு ஒரு நாட்டில் போய் இறங்குவதே எத்தனை பேர் போராடி வந்தது என்று புரிந்தது. அடுத்த ஊரில் இந்தியத் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். சம்பளம் இல்லை. ஆனால் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

தூதரகப் பிள்ளை, இப்போது வயது 24:

அத்தை, நீங்கள் எழுதியதில் அந்தக் காய்ச்சல் குழந்தை நான்தான் என்பது போல இருந்தது. என் பத்து வயதுக்குள் மூன்று நாடு.

அம்மா ஒரு பழக்கம் வைத்திருந்தார். எந்த ஊரை விட்டுக் கிளம்பினாலும் கடைசி நாள் எங்களைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். பள்ளிக்கூட வாசல், ரொட்டிக் கடை, ஊஞ்சல் இருக்கும் பூங்கா. ஒவ்வொரு இடத்திலும் நின்று "போயிட்டு வரேன்" என்று தமிழில் சொல்ல வேண்டும். கடைசியாகக் காலி வீட்டிடமும் சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். "போறேன்னு சொல்லாதே கண்ணு, போயிட்டு வரேன்னு சொல்லு." திரும்பி வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொன்ன பிறகு விமானத்தில் தூக்கம் வரும்.

இஸ்லாமாபாதில் அது முடியவில்லை. 2014 டிசம்பரில் பெஷாவர் ராணுவப் பள்ளியில் குழந்தைகளைக் கொன்ற பிறகு பாதுகாப்பு பற்றிய பேச்சு வீட்டில் ஓயவே இல்லை. 2016 ஜூலையில், ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே பள்ளியில் படிக்க வைக்க வேண்டாம் என்று இந்திய அரசு முடிவெடுத்தது. விடுமுறைக்குச் சென்னை வந்த நானும் அம்மாவும் திரும்பிப் போகவில்லை. அப்பா மட்டும் அங்கே. முடிவு சரியானதுதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் என் மேஜை டிராயரில் ஒரு தோழி கொடுத்த கண்ணாடி வளையல் இருந்தது. அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சென்னைப் பள்ளியில் "நீ எந்த ஊரு?" என்று கேட்டால் பதில் தெரியாது. தமிழ் பேசுவேன், எழுத வராது. கல்லூரியில்தான் ரூத் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரைப் பற்றிப் படித்தேன். பெற்றோர் வேலைக்காக வேறு நாட்டில் வளரும் பிள்ளைகள், பெற்றோரின் பண்பாடும் இல்லாமல் அந்த நாட்டின் பண்பாடும் இல்லாமல் மூன்றாவது ஒன்றில் வளர்கிறார்கள் என்று சொன்னவர். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்துத்தான் அவருக்கு அது பிடிபட்டது. "மூன்றாவது பண்பாட்டுப் பிள்ளைகள்" என்று எங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். அந்த நாலு வயசுக் குழந்தையை "போயிட்டு வரேன்" சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். தாத்தா வீட்டுத் திண்ணையிடமும் சொல்லட்டும்.

திருநெல்வேலியிலிருந்து:

நான் வெளிநாடே போனதில்லை. என் வீட்டுக்காரர் காபூலில் இருந்தார். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஊர். 2008 ஜூலை 7ல் அங்கே நம் தூதரக வாசலில் குண்டு வெடித்து அதிகாரி ஒருவர், பிரிகேடியர் ஒருவர், காவல் நின்ற இந்தோ-திபெத் எல்லைப் படை வீரர் இருவர், விசாவுக்கு நின்ற ஆப்கானிய சனங்கள் எல்லாம் செத்தது எங்களுக்கு ஆர்டர் வந்த அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் போனார்கள்.

நம் ஒன்பதரை மணி, அவர்களுக்கு எட்டரை. அந்த நேரத்துக்கு போன் வரும். வரலைன்னா பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு நான் சாப்பிடமாட்டேன். மாமியாரிடம் சொன்னால் அவங்களும் சாப்பிடமாட்டாங்க, அதனால் சொல்லமாட்டேன். அவரோடு வேலை பார்த்த ஒருத்தரின் சம்சாரம் பஞ்சாப்காரங்க, எனக்கு ஹிந்தி தெரியாது, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. ஒருத்தருக்கு போன் வந்தால் மற்றவருக்குக் கைகூப்பும் படம் அனுப்புவோம். "இருக்காங்க" என்று அர்த்தம். ஒண்ணரை வருஷம் அதுதான் எங்கள் பேச்சு.

தாலிபான் காபூலைப் பிடித்த பிறகு, 2021 ஆகஸ்ட் 17 அவர்களை ஏற்றிவந்த விமானப்படை விமானம் ஜாம்நகரில் இறங்குகிற வரைக்கும் நான் பூஜை அறையை விட்டு வரவில்லை. அந்த விமானத்தில் மாயா, ரூபி, பாபி என்று காவல் நாய்கள் மூன்றும் வந்தன. என் மகன் அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கான்.

வந்தவர் நல்லாத்தான் இருந்தார். தீபாவளிக்கு முதல் வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். பிள்ளைகள் பார்த்துவிட்டன. அந்த வெட்கத்தில் நாலு மாசம் யாரிடமும் பேசவில்லை. கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மாத்திரையும் பேச்சுமாகத் தேறினார். இப்போது மனநல உதவிக்கு அரசின் டெலி மானஸ் என்று 14416 எண் இருக்கிறது, 2022 அக்டோபரில் தொடங்கினார்கள், தமிழிலேயே பேசலாம். அன்றைக்கு இருந்திருந்தால் நானே முதலில் பேசியிருப்பேன். ஊரில் இருக்கும் எங்களுக்கும் மனசு இருக்கு. அதை ஆபீஸில் யாரும் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

பணி ஓய்வு பெற்றவர்:

சுருக்கமாக. அப்பா இறந்த செய்தி இரவு பதினொரு மணிக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் நம் சின்னத் தூதரகம் ஒன்று, விமானம் வாரத்துக்கு மூன்று நாள்தான். அவசரப் பயணச் சலுகை விதியில் உண்டு. ஆனால் இல்லாத விமானத்தை விதி கொண்டுவராது. கொள்ளி போட முடியவில்லை.

எங்கள் டிரைவர் அந்த ஊர்க்காரர், முஸ்லிம். கேள்விப்பட்டு வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. விடிய விடிய என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் அவர் மனைவி கஞ்சி மாதிரி ஒன்று காய்ச்சி அனுப்பியிருந்தார். அதுதான் எனக்குத் துக்க வீடு. இருபது வருஷம் ஆகிவிட்டது, வருஷா வருஷம் திதி அன்றைக்கு அவருக்கு போன் செய்கிறேன்.

கும்பகோணத்து அக்கா:

எல்லாவற்றையும் தங்கை மகளுக்குப் படித்துக் காட்டினேன். திருநெல்வேலித் தங்கச்சி, உங்கள் கைகூப்பும் படத்தைக் கேட்டு அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வந்தவுடன் வேலை அனுமதி பற்றி அமைச்சகத்துக்கு எழுதினாள். மாஸ்கோ ஒடியா அம்மா சொல்லி நான் எழுதின தாளை எடுத்துக் காட்டினேன், மடிப்பில் கிழிந்திருக்கிறது. அவள் போகும் ஊரில் வேறு மொழி, அந்தத் தாள் உதவாது. ஆனாலும் படம் எடுத்துக்கொண்டாள்.

சென்னைத் தம்பி, நீங்கள் சொன்ன அந்த ஸ்பான்சர் ஏற்பாடு இவளுக்கு யார் செய்வது என்றுதான் கவலை. ஊர் தாஷ்கண்ட். அடுத்த மாதம் 11ஆம் தேதி இறங்குகிறார்கள்.

பணி ஓய்வு பெற்றவர்:

அம்மா, தாஷ்கண்டில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்போது குடும்பத்தோடு இருக்கிறார். காலையில் பேசிவிட்டேன். அவர் மனைவி பாலும் முட்டையும் வாங்கி வைத்துவிடுகிறேன் என்றார். குழந்தை என்ன சாப்பிடும் என்று மட்டும் கேட்கிறார்.