ஓரிணைய அமீன் தயாரிப்பு: நிக்கலை விட்டுக் கோபால்ட்டுக்கு மாறலாமா?

குழும உறுப்பினர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகலை வேதியியல் பயிலும் நான், பென்சோநைட்ரைலை ஹைட்ரஜனேற்றம் செய்து பென்சைல் அமீன் என்ற ஓரிணைய அமீனை (நைட்ரஜனுடன் ஒரே ஒரு கரிமத் தொகுதி இணைந்த சேர்மம்) தயாரிக்க முயன்றுவருகிறேன். உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதியைத் தோண்டியெடுக்கும் நாட்டில் இருந்துகொண்டு இவ்வினைக்கு மலிவான உலோக வினையூக்கியைத் தேடுவது வேடிக்கைதான். ஆயினும் எங்கள் ஆய்வுக்கூட நிதிக்கு நிக்கலும் கோபால்ட்டுமே கட்டுப்படியாகின்றன.

ரேனி நிக்கலை (நுண்துளைகள் நிறைந்த நிக்கல் வினையூக்கி) பயன்படுத்தும்போது, இடையில் தோன்றும் இமீனுடன் ஏற்கெனவே உருவான அமீன் வினைபுரிவதால், இரண்டு பென்சைல் தொகுதிகள் கொண்ட டைபென்சைல் அமீன் கணிசமாகக் கலந்துவிடுகிறது. அம்மோனியாவைச் சேர்த்தபோது இது குறைந்தது, ஆனால் முற்றிலும் நீங்கவில்லை. ரேனி கோபால்ட் பொதுவாக ஓரிணைய அமீனையே மிகுதியாகத் தரும் என்பதால் அதற்கு மாற எண்ணுகிறேன்.

2017இல் ஜெர்மனியின் மத்தியாஸ் பெல்லர் குழுவினர், கோபால்ட் உப்பையும் கரிம இணைப்பிகளையும் கரியின்மேல் ஏற்றி, ஆர்கான் வாயுவில் 800 பாகை செல்சியசில் சுட்டு உருவாக்கிய வினையூக்கியும் என்னை ஈர்க்கிறது. அதைக் கொண்டு பென்சால்டிஹைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றிலிருந்தே தொடங்கலாம். ஆனால் அத்தகைய உலை எங்களிடம் இல்லை.

ரேனி கோபால்ட்டைக் கையாண்டவர்கள், அம்மோனியாவை எந்த விகிதத்தில் சேர்த்தீர்கள், வினையூக்கியை எத்தனை முறை மீண்டும் பயன்படுத்த முடிந்தது, உலர்ந்து தீப்பற்றாதபடி எவ்வாறு வடிகட்டினீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.