ஆத்துத் தண்ணில கஃபீன், மீனுக்கு என்ன ஆகும்?

காவேரிப்பட்டணத்துக்காரன்:
கேஆர்பி டேம், அதான் தென்பெண்ணை ஆத்துல இருக்கற கிருஷ்ணகிரி அணை, அங்க பிடிக்கற மீன்தாங்க எங்க வீட்ல வாங்குறது. அதே ஆத்துல மேல ஓசூர் பக்கம் இருக்கற கெலவரப்பள்ளி அணைல நுரை பொங்கறத பாத்தாலே பயம், இப்ப சாக்கடையோட காபி, டீல இருக்கற கஃபீனும் தென்பெண்ணைல வரும்ங்கறாங்க, அது மீனை என்ன பண்ணும்?

பாரூர் ஏரிக்கரை:
வரும்ங்க. நாம குடிக்கறதுல கொஞ்சம் மூத்திரத்துல அப்படியே வெளிய போயிடும், சுத்திகரிக்காத சாக்கடைன்னா நேரா ஆத்துக்குத்தான். 2022ல வந்த ஆய்வுல 104 நாட்டுல 258 ஆறுகளைப் பாத்தாங்க, அதிகமா தட்டுப்பட்ட மூணுல கஃபீனும் ஒண்ணு. மூளைல அடினோசின்னு ஒண்ணு, ஓய்வெடுன்னு சொல்றது, கஃபீன் அதை வேலை செய்ய விடாது, மீனுக்கும் அப்படித்தான். ஆய்வகத்துல வரிக்குதிரை மீனுக்கு அளவு கூடினா பதட்டப்பட்டு அடியிலயே பதுங்குது, குஞ்சு வளர்ச்சியும் கெடுது.

ஊத்தங்கரை தம்பி:
அண்ணா சொல்றது சரி, ஆனா ஆத்துல பொதுவா லிட்டருக்கு நானோகிராம், மைக்ரோகிராம் கணக்குலதான் இருக்கும், அதுக்கே மீன் செத்து மிதக்காது. மிதந்தா பெரும்பாலும் ஆக்சிஜன் கொறைஞ்சதாலதான். கஃபீன் இருக்குன்னா மனுசச் சாக்கடை கலக்குதுன்னு அர்த்தம், எனக்கு அதாங்க வயித்தெரிச்சல்.

காவேரிப்பட்டணத்துக்காரன்:
அப்ப ஜிலேபி மீன் சாப்பிடலாமா?

பாரூர் ஏரிக்கரை:
கஃபீனுக்காக விட வேண்டாம்ங்க. ஆலைக்கழிவுல வர்ற ஈயம், காட்மியம்தான் உடம்புல தங்கும், டேம் மீன்ல அதை டெஸ்ட் பண்ணச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்போம், நானும் வர்றேன்.