பெங்களூரு – லண்டன்: டிக்கெட்டில் உள்ள நேரம் கணக்குக்கு ஒத்துவரவில்லையே?

ஒகேனக்கல்_பரிசல்:
தம்பி செப்டம்பரில் லண்டன் போறான், பெங்களூருல இருந்து நேர் விமானம். தூரம் 8,050 கிமீ. மணிக்கு 900 கிமீ போனா ஒன்பது மணி நேரம் வரணும். டிக்கெட்ல காலை 7.30 கிளம்பி மதியம் 1.00-க்கு இறங்குதுன்னு போட்டிருக்கு. அஞ்சரை மணி நேரமா? தர்மபுரியில எப்ப கிளம்பணும்?

மாங்கனி_நகர்:
ரெண்டுமே அந்தந்த ஊர் நேரம்ங்க. செப்டம்பர்ல லண்டன் நம்மைவிட 4.30 மணி பின்னாடி. அப்ப பயணம் 10 மணி நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறு அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி திருப்பி வெச்சதும் வித்தியாசம் 5.30 ஆயிடும், மார்ச் கடைசி ஞாயிறு வரை அப்படித்தான்.

நூல்_பிடி:
8,050 என்பது பூமி உருண்டை மேல ரெண்டு ஊருக்கும் நடுவுல நூல் பிடிச்சு அளந்த குறுக்குத் தூரம். அந்த நூல் பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன் மேல போகுது. உக்ரைன் வானம் 2022 பிப்ரவரியில மூடினது. பாகிஸ்தான் 2025 ஏப்ரல்ல இந்திய நிறுவன விமானங்களுக்கு மூடிச்சு. சுத்திப் போகணும், 8,500-னு வெச்சுக்குங்க.
அடுத்து காத்து. 35,000 அடியில மேற்கே இருந்து கிழக்கே வீசுது. சராசரி 60 கிமீ எதிர்க்காத்துன்னா வேகம் 840, அதுக்கே 10 மணி. திரும்பி வரும்போது அதே காத்து தள்ளிவிடும்: 960 கிமீ, 8 மணி 50 நிமிஷம். டிக்கெட் நேரத்துல ஓடுபாதைக்கு உருண்டு போறதும் சேர்த்தி. அதனால போக பத்தரை, வர ஒன்பதரைன்னு போட்டிருந்தா தப்பு இல்ல.

அதியமான்கோட்டை:
தர்மபுரியில இருந்து தேவனஹள்ளி (பெங்களூரு ஏர்போர்ட்) சுமார் 170 கிமீ. விமானத்துக்கு மூணு மணி நேரம் முன்னாடி, 4.30-க்கு உள்ள இருக்கணும்னா ராத்திரி 1 மணிக்கே வண்டி எடுங்க. அந்நேரம் பெங்களூருல நெரிசலான சில்க் போர்டு சந்திப்பு காலியா இருக்கும். பகல் விமானம்னா அந்த மூன்றரை மணி நேரக் கணக்கை மறந்துடுங்க, ரெண்டு மணி கூடுதல் வேணும். இல்லைன்னா அத்திப்பள்ளியிலயே திரும்பி சர்ஜாபூர், ஹொசகோட்டை வழியா போங்க. பஸ்ல போனா ஒண்ணு கவனிங்க: மேம்பாலம் ஏறுற வண்டி எலக்ட்ரானிக் சிட்டியில நிக்காது. சில்க் போர்டுல இறங்கி வாயு வஜ்ரா (ஏர்போர்ட் பஸ்) பிடிங்க. சர்வதேச விமானம் டெர்மினல் 2.

ஒகேனக்கல்_பரிசல்:
நன்றிங்க. துபாய் வழியா மலிவா இருக்கே, தூரம் ரொம்ப கூடுமா?

நூல்_பிடி:
2,700 + 5,500, ஆக 8,200 தான். தூரம் பிரச்சினையே இல்ல, காத்திருப்புதான் நேரத்தைத் தின்னும். ரெண்டு விமானமும் ஒரே பிஎன்ஆர்ல (முன்பதிவு எண்) இருக்கான்னு மட்டும் பாருங்க. தனித்தனி டிக்கெட்னா முதல் விமானம் தாமதமாகி ரெண்டாவது போயிட்டா அந்தப் பணம் போச்சு. பெட்டியையும் துபாய்ல எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம், அதுக்கு அங்க விசா வேணும்.