ஹஸ்தேவ் காட்டில் நிலக்கரி எடுத்தால் தண்ணீர் எப்படிப் போகும்?

மயூர்விஹார் அகிலா:
சத்தீஸ்கரில் ஹஸ்தேவ் அரண்யத்தில் சுரங்கத்தை விரிவாக்கக் கூடாது என்று எங்கள் குடியிருப்பில் மனுவுக்குக் கையெழுத்து கேட்டார்கள். "மரத்தை வேறு இடத்தில் நட்டால் போச்சு, நிலத்துக்குத்தான் காசு தருகிறார்களே" என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. தண்ணீரும் போய்விடும் என்கிறார்களே, அது எப்படி?

கரோல்பாக் முருகேசன்:
அகிலாம்மா, நிலத்தடி நீர் ஆய்வு வேலையாக, ஹஸ்தேவ் காடு இருக்கும் சர்குஜா மாவட்டப் பக்கம் போய் வந்தவன் நான். அங்கே திறந்தவெளிச் சுரங்கம்தான். காட்டை வெட்டி, பாறையை வெடிவைத்துப் பெயர்த்தால்தான் கரி கிடைக்கும். மழைநீரைப் பிடித்து வைத்து, கோடையில் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்த மணற்பாறைதான். குழி ஆழமானதும் சுற்றுவட்டார ஊற்றெல்லாம் அதற்குள் இறங்கும். அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் பக்கத்து ஊர்க் கிணற்றில் வாளி தண்ணீரைத் தொடாது. ஓடைகள் சேரும் ஹஸ்தேவ் ஆற்றின் பாங்கோ அணையை நம்பித்தான் கீழே ஜாஞ்ச்கீர் பக்கம் நெல் விளைகிறது.

மரம் நடுவதா? அந்தக் காட்டில் நிறைந்திருப்பது சால் மரம். அதன் விதை உதிர்ந்த ஒரு வாரத்திலேயே பெரும்பாலும் முளைக்கும் திறனை இழந்துவிடும். நாற்று வளர்த்து அந்தக் காட்டை உண்டாக்குவது லேசான காரியமில்லை.

காசு பட்டா நிலத்துக்குத்தான். பங்குனி, சித்திரையில் விடியுமுன் பெண்கள் கூடையோடு போய் மஹுவா பூ பொறுக்குவார்கள். நம்ம இலுப்பைக்குச் சொந்தம் அது. முற்றத்தில் காயவைத்து, கைச்செலவுக்கு வேண்டும்போது விற்பார்கள். அந்த மரத்துக்கு ஏது பட்டா? காட்டை நம்பி வாழ்பவர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் தந்த உரிமையும் நிலைக்கவில்லை. அங்கே காட்பர்ரா ஊருக்குக் கொடுத்த சமூக வன உரிமையை, அதாவது காட்டை ஊரே பொதுவாகப் பயன்படுத்தும் உரிமையை, 2016-ல் ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

ஜனக்புரி விருத்தாசலத்தான்:
நெய்வேலியிலும் இதே கதைதான் சார். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நடக்கும்.

ஆர்.கே.புரம் சேகர்:
எல்லாம் சரி, கரண்ட் வேண்டாமா?

கரோல்பாக் முருகேசன்:
வேண்டும் தம்பி. பதர்பூர் அனல் நிலையத்தை 2018-ல் மூடியதில் தில்லிக்குப் புகை குறைந்தது, நல்லதுதான். ஆனால் நம் வீட்டு மின்சாரத்தில் ஒரு பங்கு சிங்ரௌலி பக்கத்துக் கரியில்தான் வருகிறது. புகையும் சாம்பலும் அந்த ஊர்க்காரர்களுக்கு. ஹஸ்தேவில் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்யச் சொல்லி 2022 ஜூலையில் சத்தீஸ்கர் சட்டமன்றமே ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தைய அக்டோபரில் ஹஸ்தேவ் ஊர் மக்கள் தலைநகர் ராய்ப்பூருக்கு 300 கிலோமீட்டர் நடந்தார்கள். சுரங்கத்துக்குக் கிராம சபை சம்மதம் என்று காட்டிய காகிதமே போலி என்பது அவர்கள் புகார். அகிலாம்மா, கிராம சபையை மறுபடி ஊரறியக் கூட்ட வேண்டும் என்ற வரியை மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள். மாமாவிடமும் கையெழுத்து கேளுங்கள்.