எண்ணும் எழுத்தும் பயிற்சி: கற்றதை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வது எப்படி?

தலைமையாசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் நாங்கள் இருவரே நடத்துகிறோம். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சிக்கு ஒருவர் வட்டார வள மையத்துக்குச் சென்றுவிட்டால் பள்ளி முழுவதும் மற்றவர் பொறுப்பாகிவிடுகிறது. திரும்பி வந்தபின் கற்றதைப் பகிர்ந்துகொள்ள நேரம் அமைவதில்லை. பிற பள்ளிகளில் இதை எவ்வாறு கையாள்கிறீர்கள்?

இடைநிலை ஆசிரியை:
ஐயா, பிள்ளைகளின் கற்றல் நிலைக்கேற்ப, தொடக்க நிலையிலிருந்து மேல் நிலை வரை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் முறை பயிற்சியில் எளிதாகத் தோன்றினாலும், மூன்று நிலையினரையும் ஒரே அறையில் அமர்த்திய முதல் வாரத்தில் நான் மிகவும் திணறினேன். மலர் நிலைப் பிள்ளைகளுக்கு முதலில் எழுத்துப் பணி கொடுத்துவிட்டு, எழுத்து அட்டைகளுடன் அரும்புப் பிள்ளைகளோடு தரையில் அமரத் தொடங்கிய பிறகே வகுப்பு சீரானது. இந்த வழியை, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் கற்றேன். பயிற்சியளித்த கருத்தாளரின் உரையைவிட அந்தப் பத்து நிமிடப் பேச்சே எனக்கு உதவியது.

ஆசிரியர் பயிற்றுநர்:
தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பணித்திறன் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. மணிக்கணக்கு நிறைவேறினால் போதாது என்பதே என் உறுதியான கருத்து. பயிற்சிக்கு அடுத்த வாரம் நாங்கள் பள்ளிக்கு வரும்போது, குறைகாண வந்தவராகக் கருதாமல், ஒரு பாடவேளையை எங்களையே நடத்தச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து கவனிக்க இயலும்.

தலைமையாசிரியர்:
மிக்க நன்றி. அடுத்த வருகையின்போதே கேட்டுவிடுகிறேன்.