கார்டில் ஒரே கோடு: நான் பரிசோதித்த நாள் சரிதானா?

கேள்வி: மருதாணிச்சிவப்பு

அனைவருக்கும் வணக்கம். எனக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த ஐந்து மாதங்களாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். எனக்கு மாதவிடாய் 28 நாட்களுக்கு ஒருமுறை வருவதில்லை. சில மாதம் 34 நாட்களிலும், சில மாதம் 37 நாட்களிலும் வரும். கடைசியாக ஆகஸ்ட் 4 அன்று வந்தது.

செப்டம்பர் 2 அன்று, அதாவது 30ஆம் நாளில், "நாள் தள்ளிவிட்டதே" என்று மாமியார் ஆசையோடு கேட்டதால், மருந்துக் கடையில் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு வாங்கி அன்று மாலையே பரிசோதித்தேன். வேலையிலிருந்து வந்த களைப்பில் அதற்கு முன் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்திருந்தேன். மூன்று சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பார்த்ததில், கார்டு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் 'சி' என்ற இடத்தில் மட்டும் கோடு வந்தது. மனம் கேட்காமல் ஒரு மணி நேரம் கழித்துக் குப்பைக் கூடையிலிருந்து அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது, கரு இருந்தால் கோடு வர வேண்டிய 'டி' இடத்தில் சாம்பல் நிறத்தில் நூல் போல ஒரு கோடு தெரிந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? எந்த நாளில் பரிசோதித்தால் முடிவை நம்பலாம்?

பதில்: ஆய்வகத்தோழி

சகோதரி, நான் பதினான்கு ஆண்டுகளாக ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். உங்கள் கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் தேதிகளிலேயே பதில் இருக்கிறது.

கார்டு தேடுவது எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனை. கருமுட்டை வெளிவந்து, கரு உருவாகி, அது கருப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் இந்த ஹார்மோன் தாயின் இரத்தத்தில் கலக்கத் தொடங்குகிறது. கருமுட்டை வெளிவந்ததிலிருந்து பெரும்பாலோருக்கு 8 முதல் 10 நாட்களில் கரு ஒட்டும். சிலருக்கு 12 நாட்கள்கூட ஆகும். கருமுட்டை வெளிவரும் நாள் பொதுவாக அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்னால் அமைகிறது. சுழற்சி நீளும்போது அந்த 14 நாட்கள் பெரும்பாலும் நீள்வதில்லை, அதற்கு முந்தைய பகுதிதான் நீள்கிறது. ஆகவே உங்களுடையதை 36 நாள் சுழற்சி என்று வைத்துக்கொண்டால், கருமுட்டை வெளிவந்தது ஏறக்குறைய ஆகஸ்ட் 25 அன்று. நீங்கள் பரிசோதித்தது அதிலிருந்து எட்டாம் நாள். கரு உருவாகியிருந்தாலும் அது அன்றுதான் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். உங்களுக்கு நாள் தள்ளவே இல்லை. 28 நாள் கணக்குதான் அப்படித் தோன்ற வைத்திருக்கிறது.

கரு ஒட்டிய பிறகு எச்.சி.ஜி. அளவு சுமார் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. இன்று 5 அலகு இருந்தால் நாளை மறுநாள் 10, ஆறு நாட்களில் 40. கடைகளில் கிடைக்கும் கார்டுகளில் பல, 25 அலகு அளவில் இருந்துதான் கோடு காட்டும். எனவே முன்கூட்டியே வரும் ஒற்றைக் கோட்டுக்கு 'இல்லை' என்று பொருள் கொள்ளக் கூடாது. 'இன்னும் தெரியவில்லை' என்பதே அதன் பொருள். உங்கள் நீண்ட சுழற்சியான 37 நாட்களையே கணக்கில் கொண்டால், செப்டம்பர் 10 அன்று மாதவிடாய் வர வேண்டும். அன்றும் வராவிட்டால் 11ஆம் தேதி காலையில் பரிசோதியுங்கள். அப்போதும் ஒரே கோடு வந்து, மாதவிடாயும் வராதிருந்தால், ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். அந்த முடிவை நம்பலாம்.

ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்த சாம்பல் கோட்டை மறந்துவிடுங்கள். சிறுநீர் உலரும்போது அப்படி ஒரு தடம் விழுவதுண்டு. உண்மையான கோடு, அட்டையில் குறிப்பிட்ட நேரத்துக்குள், 'சி' கோட்டின் நிறத்திலேயே வரும். அந்த நிறம் இருந்தால் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். எழுந்தவுடன் கழிக்கும் முதல் சிறுநீரைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் தண்ணீர் குடித்தபின் சிறுநீர் நீர்த்துவிடும். தொடக்க நாட்களில் அந்த வேறுபாடே முடிவை மாற்றிவிடக்கூடும். பரிசோதிக்கும் நேரத்தில்தான் கார்டின் உறையைப் பிரிக்க வேண்டும்.

பதில்: இருமகள்தாய்

மேலே சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். முதல் முறை நான் பொறுக்காமல், நாள் தள்ளுவதற்கு மூன்று நாட்கள் முன்பிருந்தே தினமும் ஒரு கார்டு பார்த்தேன். இரண்டாம் நாள் மங்கலான இளஞ்சிவப்புக் கோடு வந்தது. வீட்டில் அனைவரிடமும் சொல்லிவிட்டேன். ஐந்தாம் நாள் மாதவிடாய் வந்துவிட்டது. கரு ஒட்டிய சில நாட்களிலேயே வளராமல் நின்றுவிடுவது பலருக்கும் நிகழ்வதுதான் என்றும், அதற்கு நான் மாடிப்படி ஏறியதோ பப்பாளி தின்றதோ காரணமல்ல என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பொறுத்திருந்தால் அது எனக்குத் தெரியாமலேயே போயிருக்கும். ஆனால் அந்த ஒரு வாரம் நான் பட்ட வேதனை இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், தங்கையே, நாள் தள்ளும் வரை காத்திருப்பது முடிவின் துல்லியத்துக்கு மட்டுமல்ல, உங்கள் மனத்துக்கும் நல்லது.

மருதாணிச்சிவப்பு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 11ஆம் தேதி வரை காத்திருக்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. 12ஆம் தேதி எங்கள் குலதெய்வக் கோயிலில் கும்பாபிஷேகம். அந்நாளில் வந்துவிடக் கூடாது என்பதற்காக, நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை இப்போதே தொடங்கச் சொல்கிறார் மாமியார். தொடங்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர்

தயவுசெய்து தொடங்காதீர்கள், அம்மா. கரு தங்கியிருக்க வாய்ப்புள்ள மாதத்தில் அந்த மாத்திரையை எடுக்கக் கூடாது. மேலும் அதை உட்கொள்ளும் வரை மாதவிடாய் எப்படியும் வராது. அப்போது நாள் தள்ளியது மாத்திரையாலா கருவாலா என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மாமியாரிடம், "இந்த மாதம் நல்ல செய்தி இருக்கலாம், அதனால் மாத்திரை வேண்டாம் அத்தை" என்று நேராகச் சொல்லுங்கள். பேரக்குழந்தைக்காக ஏங்குபவர் அதைக் கட்டாயம் புரிந்துகொள்வார்.

கும்பாபிஷேகத்துக்கு முன் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், 9ஆம் தேதி இரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. பார்க்கலாம், கார்டு காட்டாத மிகச் சிறிய அளவையும் அது கண்டுபிடிக்கும். அளவு ஐயத்துக்குரியதாக இருந்தால், 48 மணி நேரம் கழித்து அதே ஆய்வகத்தில் மீண்டும் பார்ப்பார்கள். ஆனால் குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால் அந்த மருந்தே பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை இரண்டு கோடுகளைக் காட்டிவிடும். அத்தகையவர்கள் தங்கள் மருத்துவர் குறித்துக்கொடுத்த நாளில்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு கோடு வந்த பிறகு, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி, இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த நாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கரு கருப்பையில் அல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் நேரம் மிக முக்கியம். அப்படி எதுவும் இல்லாவிட்டால், உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். ஃபோலிக் அமில மாத்திரைக்கு மட்டும் 11ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியதில்லை; குழந்தைக்காக முயலும் நாட்களிலேயே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும், ஆகவே மருத்துவரிடம் கேட்டு இன்றே தொடங்குங்கள்.