வயிற்றில் பிள்ளை, காலில் வலி: மாத்திரையோடு கடந்த பத்து மாதம்

என் மகளுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. அவளைச் சுமந்தபோது நான் தேடித் தேடியும் கிடைக்காத ஒன்றை இப்போது நானே எழுதுகிறேன். ஏற்கெனவே தீராத வலியோடு வாழ்கிற ஒருத்தி மாசமானால், அவள் தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளை என்ன செய்வது? "கர்ப்பத்துல மருந்தே கூடாது" என்று எல்லாரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் நான் அவசரப் பிரிவில் போய்ப் படுத்தேன்.

எனக்கு இடுப்பு டிஸ்க் ஆபரேஷன் நடந்து நான்கு வருஷம். அதற்குப் பிறகும் இடது கால் நரம்பு வலி போகவில்லை. பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, சுண்டுவிரல் வரை சுள்ளென்று இழுக்கும். ப்ரீகாபலின் காலையும் இரவும், டிரமடால் 50 மில்லிகிராம் மூன்று வேளை, ரொம்ப முடியாத நாளில் ஒரு டைக்ளோஃபெனாக். இந்த மூன்றும் இருந்ததால்தான் நான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

இரண்டு கோடு தெரிந்த காலையில் அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் பிள்ளைக்கும் போயிருக்குமே என்று கைகால் நடுங்கிவிட்டது. மூன்று அட்டைகளையும் எடுத்து, ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அட்டையோடு குப்பையில் போட்டால் ராத்திரி வலியில் எழுந்துபோய்ப் பொறுக்கி எடுத்துவிடுவேனோ என்று பயம். யாரிடமும் கேட்கவில்லை. இவ்வளவு மாத்திரை சாப்பிடுகிறவள் எதற்குப் பிள்ளைக்கு ஆசைப்பட்டாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கொட்டாவி தொடங்கியது. நிற்காத கொட்டாவி, மூக்கில் நீர், வியர்வை, வயிற்றுப்போக்கு. கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாமல் விடிய விடிய உதைத்துக்கொண்டே கிடந்தேன். மசக்கைதான் என்றார் மாமியார். இரண்டாம் இரவு நெஞ்சு படபடவென்று அடிக்க, கணவர் என்னை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே இருந்த இளம் டாக்டர் என்னைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "என்னென்ன மாத்திரை எடுத்துக்கிட்டு இருந்தீங்க? எப்போ நிறுத்துனீங்க?"

டிரமடால் ஓபியாய்டு வகையை, அதாவது மார்ஃபின் போன்ற வலி மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. மாதக்கணக்கில் எடுத்த உடம்பு அதற்குப் பழகிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் திமிறும், கர்ப்பத்துக்கும் அது ஆபத்து என்றார். ப்ரீகாபலினையும் படிப்படியாகத்தான் இறக்க வேண்டுமாம். இரண்டையும் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கி, மகப்பேறு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். நான்கு வருஷமாக எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை. "நீங்க போதைக்கு அடிமை இல்லம்மா, இது உடம்போட பழக்கம்" என்று அவர் சொன்னபோது அழுதுவிட்டேன்.

அடுத்துப் பார்த்த மகப்பேறு டாக்டர், "பத்து மாசம்தானே, பொறுத்துக்கோங்க. எல்லாப் பொம்பளைங்களும் பொறுத்துக்கலையா?" என்று அனுப்பிவிட்டார். பொறுத்துப் பார்த்தேன். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது. வலியைச் சகித்தால் பிள்ளைக்கு நல்லது என்று எந்த வைத்தியம் சொல்கிறது? தூங்காமல், சாப்பிடாமல், பயந்துகொண்டே கிடக்கிற உடம்பில் வளர்வதும் அதே பிள்ளைதானே.

அதன்பிறகு கிடைத்த டாக்டரம்மாவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். "வீட்ல இருக்குற எல்லா அட்டையையும், தடவுற ஜெல்லையும் ஒரு பையில போட்டுக் கொண்டுவாங்க" என்றார். மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பேசினார். முதலில் சொன்னது இது: எந்த மருந்தும் எடுக்காத கர்ப்பங்களிலும் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறை ஏதாவது இருக்கும். இந்த மாத்திரை அந்தக் கணக்கை எவ்வளவு கூட்டுகிறது, எந்த வாரத்தில் கூட்டுகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

ப்ரீகாபலின் பற்றி 2022-ல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. அவர்கள் காட்டிய ஆய்வின் கணக்கில், முதல் மூன்று மாதத்தில் அதை எடுத்தவர்களில் நூற்றுக்கு 6 பேரின் குழந்தைகளுக்குக் குறை, எடுக்காதவர்களில் 4. பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனாலும் எனக்கு வேறு வழி இருந்ததால் இரண்டு வாரத்தில் மெல்ல இறக்கி நிறுத்தினார். அதன் இடத்தில் இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். பழைய மருந்து, எத்தனையோ கர்ப்பங்களில் கொடுத்துப் பார்த்த அனுபவம் உண்டு என்றார். டிரமடாலை உடனே நிறுத்தாமல், வாரா வாரம் குறைத்து இரவுக்கு மட்டும் ஒன்று என்று கொண்டுவந்தார்.

டைக்ளோஃபெனாக் அட்டையைத் தனியே தள்ளிவைத்தார். ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் எல்லாம் அதே குடும்பம். 20 வாரத்துக்குமேல் இவை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், பனிக்குட நீர் குறைந்துபோகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில் அறிவித்தது. 30 வாரத்துக்குமேல் இன்னும் மோசம். பிறந்த பிறகு மூட வேண்டிய இதய ரத்தக்குழாய் வயிற்றிலேயே மூடிக்கொள்ளக்கூடும். மாமியார் தினமும் தேய்த்துவிட்ட ஜெல்லின் மூடியைத் திருப்பிக் காட்டினார். அதிலும் டைக்ளோஃபெனாக் என்றே இருந்தது. தோலில் தடவுவதுதானே என்று நாங்கள் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பாராசிட்டமால்தான் பகலில் கைகொடுத்தது. ஆட்டிசம் வரும் என்று யாரோ அனுப்பிய செய்தியைக் காட்டினேன். ஸ்வீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2024-ல் வெளியான ஆய்வைச் சொன்னார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில், பாராசிட்டமால் எடுத்தபோது பிறந்ததையும் எடுக்காதபோது பிறந்ததையும் ஒப்பிட்டார்கள். ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. அதற்காக இஷ்டத்துக்கு எடுக்கவும் விடவில்லை. தேவையான நாளில், தேவையான அளவு, எனக்கு ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்று அட்டையிலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

ஒரு நோட்டும் போடச் சொன்னார். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுத வேண்டாம், என்ன செய்ய முடிந்தது என்று எழுதுங்கள் என்றார். "குளித்தேன். மாடிப்படி இரண்டு தடவை. நான்கு மணி நேரம் தூங்கினேன்." இப்படித்தான் என் நோட்டு முழுக்க இருக்கிறது. முட்டிகளுக்கு நடுவில் தலையணை வைத்து இடப்பக்கம் படுப்பது, இடுப்புப் பட்டை, பிசியோதெரபி எல்லாம் கூடவே நடந்தன. தலையணை மட்டும் நிஜமாகவே உதவியது.

32-வது வாரத்தில் வயிற்றுக் கனம் கூடி, டிரமடாலை இரண்டு வேளை ஆக்க வேண்டிவந்தது. தோற்றுவிட்டேன் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. 34-வது வாரத்தில் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க அனுப்பினார்கள். முதுகில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு முதுகுத்தண்டு ஊசி சரியாகப் பரவாமல் போகலாம், பிரசவ வலி வந்தபிறகு பழைய ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்றார்கள்.

பிறந்த பிறகு குழந்தையை ஐந்து நாள் கண்காணித்தார்கள். ஓபியாய்டு எடுத்த தாயின் குழந்தைக்கு நடுக்கம், கீச்சுக்குரல் அழுகை, விடாத தும்மல், பால் குடிக்கச் சிரமம் வரலாம். இரண்டாம் நாள் அவள் தொடர்ந்து நான்கு முறை தும்மினாள். நான் உடைந்து அழுதேன். நர்ஸ் அவள் கையைப் பிரித்துப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, "மருந்து தேவைப்படாது, நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கோங்க" என்றார். தேவைப்படவும் இல்லை. தாய்ப்பால் கொடுக்கும்போது டிரமடாலும், அதே வகையைச் சேர்ந்த கோடீனும் வேண்டாம் என்பது அமெரிக்க அமைப்பு 2017-ல் கொடுத்த எச்சரிக்கை. அதனால் டிரமடாலை இறக்கி நிறுத்திவிட்டு எனக்குக் கொடுத்தது ஐபுப்ரோஃபென். பால் வழியே மிகக் கொஞ்சம்தான் போகுமாம். வயிற்றில் இருந்தபோது ஆகாத மாத்திரை, மடியில் வந்ததும் ஆகும் மாத்திரையாகிவிட்டது.

* * *

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு முடக்குவாதம். நான் எல்லாவற்றையும் திட்டம் போட்டுச் செய்தவள். மெத்தோட்ரெக்சேட் கர்ப்பத்துக்கு ஆகவே ஆகாது என்று தெரியும், அதனால் மூன்று மாதம் முன்பே நிறுத்தி, ஃபோலிக் ஆசிட் தொடங்கி, ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கும் சல்ஃபாசலசினுக்கும் மாறினேன். அவை இரண்டையும் கர்ப்பத்தில் தொடரலாம். வீக்கம் வந்தபோது குறைந்த அளவில் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை.

ஐந்தாம் மாதத்திலிருந்து காலையில் விரல் சுலபமாக மடங்கியது. கல்யாணத்துக்கு முன்பு போட்ட மோதிரம் ஏறியது. எங்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கர்ப்பத்தில் வாதம் தணியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தை பிறந்த பிறகு திரும்பி வரும் என்றும் சொல்லியிருந்தார், ஆனால் அதை யாருமே காதில் வாங்கவில்லை, நானும்தான். ஆறாவது வாரம் குழந்தையின் சட்டைப் பொத்தானை என்னால் போட முடியவில்லை. பல்லால் கடித்து மாட்டினேன். பிரசவத்துக்கு முன்பே அடுத்த மருந்து என்ன, எந்த வாரம் தொடங்குவது, பால் கொடுக்கலாமா என்று எழுதி வாங்கியிருந்தால் அந்த இரண்டு மாதம் எனக்குப் போயிருக்காது.

* * *

எனக்கு ஒத்தத் தலைவலி, பதினெட்டு வயசுலேர்ந்து. அது வராம இருக்க டோபிரமேட் எடுத்துக்கிட்டிருந்தேன், பிள்ளைக்கு முயற்சி பண்றோம்னு சொன்னதுமே டாக்டர் மாத்திட்டாங்க. அது வரைக்கும் சரி. தப்பு நடந்தது 24-வது வாரத்துல. தலைவலி தாங்காம, மருந்துக்கடையில "பாராசிட்டமால் கலந்ததுதான்"னு சொல்லிக் குடுத்ததை வாங்கிப் போட்டேன். ரெண்டு வாரம். அதுல ஐபுப்ரோஃபெனும் இருந்துச்சு. அட்டையோட பின்பக்கப் பொடி எழுத்தை நான் படிக்கல.

ஸ்கேன்ல தண்ணி கம்மின்னாங்க. ஸ்கேன் எடுத்த அம்மா மானிட்டரையே பாத்துக்கிட்டுப் பேசாம இருந்த அந்த ஒரு நிமிஷம் இன்னும் கண்ணுல நிக்குது. மாத்திரைய நிறுத்துனதும் அடுத்த வாரமே தண்ணி ஏறிடுச்சு. பயத்துல, பிரஷர் வராம இருக்கக் குடுத்திருந்த சின்ன டோஸ் ஆஸ்பிரினையும் நிறுத்தப் போனேன். அது வேற விஷயம், அதை நிறுத்தாதீங்கன்னு தடுத்துட்டாங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். 20 வாரத்துக்கு மேல வழக்கத்துக்கு மாறான தலைவலி, கண்ணு மங்கல், மேல்வயித்து வலி வந்தா மாத்திரையத் தேடாதீங்க, உடனே போய் பிரஷர் பாருங்க.

* * *

நான் கணவன். என் மனைவிக்குச் சிக்கிள் செல், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோய். வலி வராமல் தடுக்கிற ஹைட்ராக்சியூரியாவைக் கர்ப்பத்துக்கு முன்பே நிறுத்தியதால் எலும்பு வலி அடிக்கடி வந்தது. வலி வரும்போது அவளால் பேச முடியாது. ஒவ்வொரு முறையும் புது டாக்டரிடம், இவளுக்கு மார்ஃபின் தேவை, நடிக்கவில்லை என்று நான் விளக்க வேண்டியிருந்தது. பிறகு அவளுடைய டாக்டர் ஒரு பக்கத்துக்குக் கடிதம் கொடுத்தார்: நோய், எத்தனை வாரம், எந்த மருந்து எவ்வளவு, எது கூடாது, தொலைபேசி எண். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தூங்கினேன். அதன்பின் அரை மணி நேரத்துக்குள் ஊசி கிடைத்தது.

* * *

ஏழு வாரம். நரம்பு வலிக்கு டிரமடாலும் ப்ரீகாபலினும். டாக்டர் வர இன்னும் ரெண்டு நாள் ஆகும்னாங்க. இன்னைக்கு ராத்திரி போடவா, வேண்டாமா?

* * *

தங்கச்சி, இந்தப் பதிவை எழுதினவதான் பேசுறேன். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, அளவைக் கூட்டவும் வேண்டாம். மாத்திரையைத் தூக்கி எறியாதீங்க. ரெண்டு நாள் காத்திருக்க வேண்டாம், எழுதிக் கொடுத்த டாக்டரோட ஆஸ்பத்திரிக்கு இப்பவே போன் பண்ணுங்க. "ஏழு வாரம், இந்த ரெண்டு மாத்திரை, இத்தனை மாசமா எடுக்குறேன், இன்னைக்கு ராத்திரி டோஸுக்கு என்ன செய்யட்டும்"னு அப்படியே சொல்லுங்க. பணியில் இருக்குற டாக்டர்கிட்ட பேசணும்னு கேளுங்க. பொறுத்துக்கோங்கன்னு மட்டும் சொன்னா, மகப்பேறு அவசரப் பிரிவுக்கு நேரா போயிடுங்க. அட்டைகளை ஒரு பையில போட்டு எடுத்துக்கோங்க. ஜெல் ஏதாவது தடவினா அதையும்.